ஆதன வரி கட்டாதவருக்குப் புத்தகம் கிடையாதா?

இலங்கையில் ஒரு பொது நூலகத்தில் உறுப்பினராகச் சேர வேண்டுமானால் பெரும்பாலும் கிராம உத்தியோகத்தர் தரும் வதிவிடச் சான்று வேண்டும். பல நூலகங்களில் பிணையாளி ஒருவரின் கையொப்பமும் கேட்பார்கள். அந்தப் பிணையாளி, உள்ளூராட்சிச் சபையின் எல்லைக்குள் வீடோ காணியோ வைத்து ஆதன வரி கட்டுபவராக இருக்க வேண்டும். கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ இருக்கும் பிள்ளைக்கு இது பெரிய காரியமில்லை. பக்கத்து வீட்டு மாமா கையெழுத்துப் போட்டுவிடுவார். பொகவந்தலாவையில் ஒரு தேயிலைத் தோட்டத்தின் லயத்துக் காம்பராவில் படிக்கும் பிள்ளை யாரிடம் போகும்? அந்த வரிசையில் எந்தக் குடும்பத்துக்கும் வீடு சொந்தமில்லை. ஆதன வரிப் பட்டியலில் அப்பா பெயரும் இல்லை, பெரியப்பா பெயரும் இல்லை. புத்தகம் தொலைந்து போகாமல் காக்கவே இந்த விதியை எழுதினார்கள். யாரையும் விலக்கும் எண்ணம் எழுதியவர்களுக்கு இருந்திருக்காது. ஆனாலும் ஒரு சமூகமே வெளியில் நிற்கிறது.

நுவரெலியா மாநகர சபைக்கும் ஹட்டன் – டிக்கோயா நகர சபைக்கும் பொது நூலகங்கள் இருக்கின்றன. நகரத்துக்கு வெளியே அந்தப் பொறுப்பு பிரதேச சபைகளுடையது. சிக்கலின் வேர் அங்கேதான் கிடக்கிறது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. தோட்டம் தனியார் நிர்வாகத்தின் கீழுள்ள இடம், சபைப் பணத்தை அங்கே செலவிட முடியாது என்பதற்கு ஆண்டுக்கணக்கில் அதைத்தான் காட்டினார்கள். தோட்டத்து மக்கள் வாக்குப் போட்டார்கள், அவர்களுடைய வாக்கில் உறுப்பினர்கள் தெரிவானார்கள். பாதை, விளக்கு, வாசிகசாலை மட்டும் தோட்ட எல்லையோடு நின்றுபோயின. சட்டம் திருத்தப்பட்டது 2018இல். அதே ஆண்டு நடந்த உள்ளூராட்சித் தேர்தலுக்கு முன், ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ இரண்டு லட்சம் பேரைச் சுமந்துகொண்டிருந்த நுவரெலியா, அம்பகமுவ சபைகள் பிரிக்கப்பட்டு, கொட்டகலை, அக்கரப்பத்தனை, மஸ்கெலியா, நோர்வூட் என நான்கு புதிய சபைகள் வந்தன. சட்டம் இடம் தரவில்லை என்று இனி ஒருவரும் சொல்ல முடியாது.

மலையகத்தில் வாசிக்க ஆளில்லை என்று பேசுபவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. 1920களில் பத்திரிகையாளரும் தொழிற்சங்கவாதியுமான கோ. நடேசய்யர், தோட்டத் துரைமார் உள்ளே விடமாட்டார்கள் என்பதால் புடவை வியாபாரி வேடத்தில் தோட்டத்துக்குள் போனார். எழுத்தறியாதவர்களிடம் செய்தியைக் கொண்டுசேர்க்க அவருடைய மனைவி மீனாட்சியம்மாள் பாட்டாகவே பாடினார். செய்தி இந்த மக்களைத் தேடிப் போன காலம் அது. அந்த வரலாற்றை மீட்டுத் தந்த சாரல் நாடன் தேயிலைத் தொழிற்சாலையில் உத்தியோகம் பார்த்தவர். 'காலங்கள் சாவதில்லை' எழுதிய தெளிவத்தை ஜோசப் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். வாசகர்களே இல்லாத மண்ணிலிருந்து இப்படிப்பட்டவர்கள் வர மாட்டார்கள்.

சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் நூலகவியலின் ஐந்து விதிகளை நூலாக வெளியிட்டார். உலகெங்கும் நூலகர்கள் இன்றும் படிப்பவை அவை. அவற்றுள் நான்காவது, வாசகரின் நேரத்தைக் காப்பாற்று என்பது. தோட்டத்தை நினைத்து அதைப் படித்துப் பாருங்கள். காலையில் பிரட்டுக்களத்தில் பேர் கொடுத்து மலையேறும் அம்மா, பதினாறோ பதினெட்டோ கிலோ கொழுந்து நிறுத்துவிட்டு இறங்கும்போது பொழுது சாய்ந்திருக்கும். பிறகு பீலியில் தண்ணீர், அடுப்பில் சமையல். அவளோ அவள் பிள்ளையோ பஸ்ஸுக்குக் காசு கொடுத்து ஹட்டன் போய்ச் சேருவதற்குள் நூலகக் கதவு மூடியிருக்கும். விதிகள் நூலாக வந்த அதே 1931இல், மன்னார்குடி அருகே மேலவாசலில் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். ஒரு வேன் வாங்குவது இன்று எந்தச் சபைக்கும் எட்டாத செலவல்ல. அதைவிட நல்லது, தோட்டத்தின் ஒவ்வொரு டிவிஷனிலும் பிள்ளைக் காம்பராவை ஒட்டி ஓர் அறை. மாலை ஐந்திலிருந்து எட்டு வரை, ஞாயிற்றுக்கிழமை முழு நாளும் அது திறந்திருக்க வேண்டும். அந்தத் தோட்டத்திலேயே உயர்தரம் படித்த ஒரு பெண்ணுக்குச் சபை சம்பளம் கொடுத்துப் பொறுப்பை ஒப்படைக்கலாம். ஊதியமில்லாத் தொண்டாக இதை ஒருவர் தலையில் கட்டினால் ஆறு மாதத்தில் அறைக்குப் பூட்டுத் தொங்கும்.

அந்த அறையில் கதைப் புத்தகம் மட்டும் இருந்தால் போதாது. இந்த மக்களின் வாழ்க்கையைக் காகிதமே ஆட்டிப்படைத்தது. 'துண்டு' என்ற சீட்டு இல்லாமல் ஒரு தொழிலாளி தோட்டம் மாற முடியாது என்ற முறை 1921 வரை இருந்தது. தகப்பன் இந்த மண்ணில் பிறந்ததற்கு அத்தாட்சி காட்டு என்றது 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம். காட்ட வழியில்லாதவர்கள் நாடற்றவர்களானார்கள். எஞ்சியிருந்தவர்களுக்குக் குடியுரிமை தரும் சட்டம் வர 2003 ஆனது. இன்றும் லயத்துக்குத் தெருப் பெயரோ வீட்டு இலக்கமோ இல்லை. தபால் தோட்ட ஆபிஸுக்குப் போய், அங்கிருந்து கைமாறித்தான் வீடு வருகிறது. நேர்முகத் தேர்வு முடிந்த பிறகு அழைப்புக் கடிதம் கிடைத்த கதை இல்லாத தோட்டமில்லை. பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்துக்கு எந்தப் படிவம், அடையாள அட்டையில் பெயர் பிழையானால் எங்கே போவது என்பதைத் தமிழில் பொறுமையாகச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். என் பார்வையில், தோட்டத்து நூலகரின் முதல் வேலையே அதுதான்.

காகிதத்தைக் காப்பதும் இங்கே லேசான காரியமில்லை. பனியும் மழையும் மாறாத உயரத்தில் தாள் பூஞ்சணம் பிடிக்கும். ஒரே கூரையின் கீழ் காம்பராக்கள் ஒட்டியிருப்பதால் ஒன்றில் தீப்பிடித்தால் வரிசையே எரிகிறது. அதோடு பாடப் புத்தகமும் பிறப்புச் சான்றும் போகின்றன. கம்பளைக்கு அருகே ஓல்ட் பீக்கொக் தோட்டத்தில் சமூக அபிவிருத்தி நிறுவகம் 2007இல் பழைய லயத்தையே தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகமும் ஆவணக் காப்பகமுமாக மாற்றியது. 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் மலையக நூல்களையும் இதழ்களையும் எண்ணிமமாக்கி இணையத்தில் இலவசமாகத் தருகிறது. லண்டனிலிருந்து ஒருவர் அவற்றை நொடியில் திறந்துவிடுவார். ஆனால் 2020இல் கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது, மலையகப் பிள்ளைகள் இணையப் பாடத்துக்குச் சிக்னல் தேடி மேடேறிப் போனார்கள். ஒரு கணினியும் இணைப்பும் அச்சுப்பொறியும் அந்த வாசிகசாலையில் இருந்தால், தன் பாட்டனின் தோட்டத்தைப் பற்றிய நூலை ஒரு மாணவி அங்கேயே படித்துவிடுவாள்.

பிரதேச சபைகள் ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டம் போடுகின்றன. நூலகத்துக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள், அதில் தோட்டங்களுக்குப் போனது எவ்வளவு, உறுப்பினராக ஆதன வரிப் பிணை ஏன் கேட்கிறார்கள் என்று யாரும் எழுதிக் கேட்கலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அதற்கு வழிசெய்கிறது. காரணம் சொல்ல வேண்டியதில்லை, தமிழிலேயே எழுதலாம். சபையின் தகவல் அலுவலர் பதினான்கு வேலை நாட்களுக்குள் தம் முடிவைத் தெரிவித்தாக வேண்டும்.