தரையில் உட்காரும் கார்

சென்ற வாரம், பாப் ஹிரோஹாட்டாவின் 1951 மெர்குரியில், கார்களை உருமாற்றும் பாரிஸ் சகோதரர்கள் கூரையை முன்னால் 4 அங்குலமும் பின்னால் 7 அங்குலமும் வெட்டி இறக்கியதைப் பார்த்தோம். கூரை மட்டும் குட்டையானால் போதாது. வண்டியே தரையை ஒட்டிக் கிடக்க வேண்டும்.

அன்றைக்கு அதற்கு முரட்டு வழிதான். முன்பக்கச் சுருள் ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை அறுப்பார்கள். பின்பக்கம் பட்டை ஸ்பிரிங்குக்கும் ஆக்சிலுக்கும் நடுவே கட்டை கொடுப்பார்கள். காசில்லாதவர்கள் டிக்கியில் மணல் மூட்டை ஏற்றினார்கள். பார்க்க அழகு, ஓட்ட அவஸ்தை. போதாததற்கு, சக்கர ரிம்மின் அடிவிளிம்புக்குக் கீழே வண்டியின் எந்தப் பாகமும் இறங்கக் கூடாது என்று கலிபோர்னியா 1950களின் கடைசியில் சட்டமும் போட்டது. அது யாருக்கான சட்டம் என்பது இப்படித் தாழ்த்திய கார்களை ஓட்டிய மெக்ஸிகோ வம்சாவளி இளைஞர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. அந்தப் பிரிவு 2024 ஜனவரி 1-ல்தான் ஒழிந்தது!

ஓடும்போது உயரமும் நிற்கும்போது தாழ்வும் வேண்டுமென்ற தேவை அப்படித்தான் வந்தது. 1959-ல் ரான் அகிர்ரே என்பவர் தன் கார்வெட்டில் ஹைட்ராலிக் பம்புகளைப் பொருத்தி அதைச் சாதித்தார். காற்றும் அப்போதே வந்துவிட்டது. 1957 காடிலாக் எல்டொராடோ புரோஹம் காற்று சஸ்பென்ஷனோடு வந்தது. மறு வருடம் ஷெவர்லே கூடுதல் விலைக்குக் கொடுத்தது. ஆனால் காற்று கசிந்துகொண்டே இருந்தது. பலர் அதைக் கழற்றிவிட்டுச் சுருள் ஸ்பிரிங்குக்கே திரும்பினார்கள்.

இன்று பழைய கார்களுக்குள் போவது, நம் ஆம்னி பஸ்ஸின் அடியில் இருக்கும் ரப்பர் காற்றுப் பையின் சின்னத் தம்பி. கம்ப்ரஸர் டேங்கை நிரப்பும். சுவிட்சைத் தட்டினால் வால்வு திறந்து பை ஊதும், வண்டி எழும். காற்றை விட்டால் படுக்கும்.

படுக்க இடம் வேண்டுமே! சிரமமெல்லாம் அங்கேதான். வண்டி இறங்க இறங்கப் பின் ஆக்சில் மேலேறிச் சேசிஸ் சட்டத்தில் முட்டும். சட்டத்தில் அந்த இடத்தை வளைவாக வெட்டி, மேலே கனத்த தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். சுழலும் நீள் தண்டும் தரைத்தகட்டை இடிக்கும். அதற்கான மேட்டை உயர்த்தியாக வேண்டும். முன்சக்கரத்தை முழுதாகத் திருப்பினால் மட்கார்டின் உள்தகடு உரசும். புகைக்குழாய் பையின் பக்கத்தில் வரக்கூடாது, சூட்டில் ரப்பர் போய்விடும்.

இவ்வளவுக்குப் பிறகும் தரையைத் தொடுவது சேசிஸ் சட்டம்தான். கதவுக்குக் கீழுள்ள விளிம்பு மேலேயே நிற்கும். அதையும் தரைக்குக் கொண்டுவர, தரைத்தகட்டை வெட்டியெடுத்து பாடியையே சட்டத்தின் மேல் இறக்கி உட்கார வைக்கிறார்கள். உள்ளே சீட் தாழ வேண்டும், ஸ்டியரிங் தண்டு சாய வேண்டும், ரேடியேட்டர் இடம் மாற வேண்டும். பை பொருத்துவது மெக்கானிக்கின் சில நாள் வேலை. இது டிங்கரிங்காரரின் மாதக்கணக்கு வேலை. கண்காட்சியில் எல்லோரும் சுவிட்சைத்தான் வேடிக்கை பார்க்கிறார்கள். நானாக இருந்தால் குனிந்து அந்த வெல்டிங்கைத்தான் பார்ப்பேன்.

(அடுத்த வாரம்: இம்பாலாவைக் குதிக்க வைத்த பம்புகள்)