ராத்திரி 2 மணிக்குக் கடை திறக்கலாமா? ஊருக்கு ஊர் மாறும் பதில்

மயிலாப்பூர் மாட வீதியில் ஒரு சின்னக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். முதலாளி ஒருவர், வேலைக்கு மூன்று பேர். அறுபத்து மூவர் திருவிழா நேரம். இரவாகியும் கூட்டம் கலையவில்லை. ஷட்டரை இறக்க மனசு வராது. அதே நேரத்தில், சில கிலோமீட்டர் தள்ளி தி.நகர் உஸ்மான் சாலையில் இருநூறு பேர் வேலை செய்யும் ஒரு பெரிய கடை. இரண்டு முதலாளிகளுக்கும் ஒரே கேள்விதான்: விடிய விடியத் திறந்து வைக்கலாமா?

சட்டப்படி, பெரிய கடை திறக்கலாம். சின்னக் கடை திறக்க முடியாது.

இதே இரண்டு கடைகளும் மும்பை தாதரில் இருந்தால் இரண்டுமே திறக்கலாம். ஹைதராபாத்தில் என்றால் கட்டணம் கட்ட வேண்டும். டெல்லியில் என்றால் விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். நாடு ஒன்று, ஜி.எஸ்.டி. ஒன்று, கம்பெனி சட்டமும் ஒன்று. ஷட்டரை எப்போது இறக்குவது என்பது மட்டும் ஊருக்கு ஊர் வேறு.

ஏன் இப்படி?

அரசியலமைப்பின் 7-வது அட்டவணையில் இருக்கிறது விடை. உள்ளாட்சி, மாநிலத்துக்குள் நடக்கும் வணிகம் ஆகியவை மாநிலப் பட்டியலில் வருகின்றன. தொழிலாளர் நலன் மத்திய, மாநில அரசுகளின் பொதுப் பட்டியலில் இருக்கிறது. அதனால் கடைகளுக்கான சட்டத்தை ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாகவே எழுதி வைத்திருக்கிறது. தமிழ்நாட்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-ல் வந்தது. டெல்லியுடையது 1954, கர்நாடகத்துடையது 1961. பெயரில் ‘கடை’ என்று இருப்பதால் துணிக்கடைக்கும் மளிகைக்கடைக்கும் மட்டுமானது என்று நினைத்துவிட வேண்டாம். அடையாறில் இயங்கும் ஒரு ஸ்டார்ட்-அப் அலுவலகத்துக்கும் இதே சட்டம்தான்.

2016-ல் மத்திய அரசு ஒரு மாதிரிச் சட்டத்தை வெளியிட்டது. 10 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் கடைகள் வருடம் முழுக்க எந்த நேரமும் திறந்திருக்கலாம் என்பது அதன் சாரம். ஆனால் மாதிரி என்பது மாதிரிதான். எடுத்துக்கொள்வதும் விடுவதும் மாநிலத்தின் விருப்பம்.

ஒரே கேள்வி, ஐந்து ஊர்கள்

மகாராஷ்டிரா பழைய சட்டத்தையே தூக்கிவிட்டு 2017-ல் புதுச் சட்டம் கொண்டுவந்தது. 10 பேருக்குக் குறைவான கடைகள், ‘இப்படி ஒரு கடை நடத்துகிறோம்’ என்று அரசுக்குத் தகவல் சொன்னால் போதும். மற்றபடி சட்டத்தின் பிடிக்குள் வருவதில்லை. பெரிய கடைகளுக்கும் மூடும் நேரம் கிடையாது. மதுக்கூடம் போன்ற சிலவற்றுக்கு மட்டும் தனி நேரம்.

சென்னையில் 1947-ம் வருடச் சட்டம் அப்படியே இருக்கிறது. கடை திறக்கும் நேரத்தையும் மூடும் நேரத்தையும் அரசு நிர்ணயிக்கலாம் என்ற பிரிவும் அப்படியே இருக்கிறது. 10 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் கடைகளுக்கு மட்டும் 2019-ல் ஓர் அரசாணை மூலம் விலக்கு கொடுத்தார்கள். அதுவும் மூன்று ஆண்டுகளுக்குத்தான். 2022-ல் நீட்டித்தார்கள், 2025-ல் மறுபடி நீட்டித்தார்கள். கிட்டத்தட்ட ரேஷன் கார்டைப் புதுப்பிக்கிற மாதிரி.

அரசாணையோடு நிபந்தனைகளும் உண்டு. ஒருவருக்கு ஒரு நாளில் 8 மணி நேரம், வாரத்தில் 48 மணி நேரம் வேலை. ஓவர்டைம் சேர்த்தாலும் நாளுக்கு பத்தரை மணி நேரம், வாரத்துக்கு 57 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. சுழற்சி முறையில் வார விடுமுறை. பெண்களை இரவு 8 மணிக்கு மேல் வேலை வாங்க வேண்டுமென்றால் அவர்களுடைய எழுத்துபூர்வமான சம்மதமும் பாதுகாப்பும் வேண்டும்.

பெங்களூருவும் இதே வழிதான். 2021 ஜனவரியில் கர்நாடக அரசு 10 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் கடைகளுக்கு மூன்று ஆண்டு அனுமதி கொடுத்தது.

ஹைதராபாத்தில் கணக்கு வேறு. 24 மணி நேரமும் திறக்க வேண்டுமா, ஆண்டுக்கு 10,000 ரூபாய் கட்டு என்று 2023-ல் தெலங்கானா அரசு சொல்லிவிட்டது. பெரிய சூப்பர் மார்க்கெட்டுக்கு இது ஒரு நாள் கல்லாவில் ஓரமாகக் கிடக்கும் பணம். டீக்கடைக்கு அப்படி இல்லை.

டெல்லி கதைதான் ரொம்ப சுவாரஸ்யம். அங்கே விலக்கு, கடை கடையாகத் தரப்பட்டது. விண்ணப்பம், கோப்பு, கையெழுத்து. 2022 அக்டோபரில் துணைநிலை ஆளுநர் 314 விண்ணப்பங்களுக்கு மொத்தமாக ஒப்புதல் கொடுத்தார். அவற்றில் சில 2016-லிருந்தே காத்துக்கிடந்தவை. ராத்திரி வியாபாரத்துக்கு அனுமதி கேட்டவர், ஆறு வருடம் பகல் வியாபாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

‘பத்து’ என்னும் கோடு

மறுபடி மாட வீதிக்கு வரலாம். அந்த மூன்று பேர் கடைக்காரர் கேட்கலாம்: “நாலு பேரா இருந்தா நான் கஸ்டமரைக் கவனிக்க மாட்டேனா? எனக்கு மட்டும் ஏன் இந்தக் கட்டுப்பாடு?” நியாயமான கேள்வி. 10 என்பது பெரிய கடைக்குச் சலுகையாகவும் சின்னக் கடைக்குத் தடையாகவும் சென்னையில் வேலை செய்கிறது.

ஆனால் அதே கோட்டை வேலையாள் பக்கத்திலிருந்து பார்த்தால் படம் தலைகீழாக மாறும். மயிலாப்பூர் கடையில் வேலை செய்யும் மூன்று பேருக்கும் 1947 சட்டம் பொருந்தும். வேலை நேர வரம்பு உண்டு. ஒரு வருடம் வேலை பார்த்தவருக்கு ஆண்டுக்கு 12 நாள் சம்பளத்துடன் விடுப்பு உண்டு. ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை, தகுந்த காரணமும் ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ இல்லாமல் ‘நாளையிலேர்ந்து வராதே’ என்று அனுப்ப முடியாது. இந்த 41-வது பிரிவை ஐ.டி. ஊழியர்களும் ஒருமுறை படித்து வைத்துக்கொள்வது நல்லது.

தாதரில் மூன்று பேர் கடையில் வேலை செய்பவருக்கு, அந்த ஊர் கடைகள் சட்டத்தின் வேலை நேர வரம்பும் விடுப்பும் இல்லை. முதலாளிக்குக் கிடைத்த சுதந்திரத்தின் மறுபக்கம் இது. 2025 அக்டோபரில் மகாராஷ்டிரா அரசு அவசரச் சட்டம் மூலம் இந்த வரம்பை 10-லிருந்து 20 ஆக உயர்த்தியது. சட்டத்துக்கு வெளியே போன கடைகளும் கூடின, ஆட்களும் கூடினார்கள்.

சென்னையிலும் பத்தை வைத்து இன்னொரு மாற்றம் நடந்திருக்கிறது. இவ்வளவு காலமாக இங்கே கடைகள் சட்டத்தின் கீழ் பதிவு என்ற ஒன்றே கிடையாது. பல ஊர்க்காரர்கள் இதை நம்ப மாட்டார்கள். 2018-ல் பதிவைக் கட்டாயமாக்கும் திருத்தம் நிறைவேறியது. நடைமுறைக்கு வந்தது 2024 ஜூலையில். அதுவும் 10 அல்லது அதற்கு மேற்பட்டோர் இருக்கும் இடங்களுக்கு.

சம்பளச் சீட்டிலும் ஊர் தெரியும்

கடை நடத்தாதவருக்கும் இந்த வித்தியாசம் படும். தொழில் வரியைப் பாருங்கள். சென்னையில் அரையாண்டு வருமானம் 75,000 ரூபாயைத் தாண்டினால் 1,250 ரூபாய் பிடிப்பார்கள். பணம் மாநகராட்சிக்குப் போகும். மும்பையிலும் பெங்களூருவிலும் மாநில அரசுக்குப் போகும். டெல்லியில், குருகிராமில் இந்த வரியே இல்லை. ஆண்டுக்கு 2,500 ரூபாய்தான் உச்சவரம்பு என்று 1988-ல் அரசியலமைப்பைத் திருத்தி எழுதிவிட்டார்கள். மேல் அடுக்கில் ஏற்ற இடமில்லை என்பதால்தானோ என்னவோ, 2024-ல் சென்னை மாநகராட்சி வரியைத் திருத்தியபோது நடு அடுக்குகள் மட்டும் ஏறின. அரையாண்டில் 45,001 முதல் 60,000 ரூபாய் வரை சம்பாதிப்பவருக்கு 690 ரூபாய் 930 ஆனது. 60,000-க்கு மேல் வாங்குபவருக்கு ஒரு பைசாகூட ஏறவில்லை.

பெயர்ப் பலகையிலும் அப்படித்தான். இங்கே தமிழ், ஆங்கிலம், பிற மொழி 5:3:2 என்ற அளவில் இருக்க வேண்டும். பெங்களூருவில் 60 சதவீதம் கன்னடம். மும்பையில் மராத்தி. மூன்று ஊரில் கிளை வைத்திருப்பவர் மூன்று முறை போர்டு வரைய வேண்டும்.

எந்த ஊர் ஈஸி?

இதை அளக்க முயற்சிகள் நடந்திருக்கின்றன. உலக வங்கி 2009-ல் இந்தியாவின் 17 நகரங்களை ஒப்பிட்டு ஓர் அறிக்கை வெளியிட்டது. தொழில் தொடங்குவது, கட்டட அனுமதி, சொத்துப் பதிவு, வரி, ஒப்பந்த வழக்கு என்று ஒவ்வொன்றுக்கும் எத்தனை படி, எத்தனை நாள், எவ்வளவு செலவு என்று எண்ணினார்கள். முதலிடம் லூதியானா. ஹைதராபாத் 2, டெல்லி 6, மும்பை 10, பெங்களூரு 13. சென்னை 15. நமக்குக் கீழே கொச்சியும் கொல்கத்தாவும்தான்.

பிறகு மத்திய அரசே மாநிலங்களுக்கு ரேங்க் போடத் தொடங்கியது. 2015-ல் தமிழ்நாடு 12-வது இடம், 2016-ல் 18. 2022-ல் வெளியான பட்டியலில் எண்களை விட்டுவிட்டு வகைகளாகப் பிரித்தபோது தமிழ்நாடு மேல் வரிசையில் வந்தது. உலக வங்கியின் பட்டியலோ, சில நாடுகளின் தரவுகளில் முறைகேடு நடந்தது வெளிப்பட்டு 2021-ல் நிறுத்தப்பட்டது.

ரேங்க் முழுப் பொய் என்று சொல்ல முடியாது. படிகள் குறைந்தால் சின்ன வியாபாரிக்குத்தான் முதலில் நிம்மதி. பெரிய கம்பெனிக்கு அலைய ஆள் இருக்கிறது. ஆனால் நாளை எண்ணும் பட்டியல், அனுமதி கேட்டு வரிசையில் நிற்பவரைத்தான் பார்க்கும். வரிசைக்கே வராதவரைப் பார்க்காது.

தி.நகர் அதற்கு நல்ல உதாரணம். 2011 அக்டோபர் 31 அன்று ரங்கநாதன் தெருவிலும் உஸ்மான் சாலையிலும் விதிமீறிக் கட்டப்பட்ட வணிகக் கட்டடங்களுக்கு அதிகாரிகள் சீல் வைத்தார்கள். தீபாவளி முடிந்து ஐந்தாவது நாள். பொங்கல் நெருங்கும்போது, 2012 ஜனவரியில், தற்காலிகமாகத் திறக்க உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. 1999 பிப்ரவரி 28-க்கு முன் கட்டியவற்றை ஒரே ஒரு முறை வரன்முறை செய்வதாகச் சொன்ன சட்டம் ஏற்கெனவே இருந்தது. அந்த ‘ஒரே ஒரு முறை’ பிறகு 2007 ஜூலை 1-க்கு முன் கட்டியவற்றுக்கும் வந்தது. டெல்லியிலும் 2006-ல் இதே மாதிரி சீல் வைக்கும் படலம் நடந்தது. அங்கே மாஸ்டர் பிளானையே மாற்றி, குறிப்பிட்ட தெருக்களில் கட்டணத்தோடு கடைகளை அனுமதித்தார்கள். இதில் யாருக்கு நஷ்டம்? விதிப்படி இடம் விட்டு, மாடியைக் குறைத்துக் கட்டியவருக்கு. அவருடைய நஷ்டத்துக்கு எந்தப் பட்டியலிலும் கட்டம் இல்லை.

நாற்காலிக்கு எத்தனை மதிப்பெண்?

தொழிலாளர்களை வேலைக்கு வைப்பதும் நீக்குவதும் எவ்வளவு சுலபம் என்பதற்கும் உலக வங்கி ஒரு காலத்தில் மதிப்பெண் போட்டது. பாதுகாப்பு கூடினால் மதிப்பெண் குறையும். தொழிற்சங்கங்கள் எதிர்த்தன, ரேங்க் கணக்கிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். அதன்பின் அந்தப் பட்டியலில் வேலையாள் நல்லதாகவும் எண்ணப்படவில்லை, கெட்டதாகவும் எண்ணப்படவில்லை.

ரங்கநாதன் தெருவின் துணிக்கடைகளுக்குத் தென்மாவட்டங்களிலிருந்து வேலைக்கு வரும் இளைஞர்களின் வாழ்க்கையை 2010-ல் வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ படம் காட்டியது. காலையிலிருந்து கடை சாத்தும் வரை நின்றுகொண்டே வேலை. வீங்கிய காலோடு விடுதிக்குப் போய்ப் படுத்து, காலையில் மறுபடி நிற்க வேண்டும்.

கோழிக்கோட்டில் துணிக்கடைப் பெண்களைத் திரட்டி விஜி என்பவர் இதற்காகப் போராடினார். 2018-ல் கேரளம் உட்காரும் உரிமையைச் சட்டமாக்கியது. அடுத்தது தமிழ்நாடு. 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் மசோதா வந்து, 1947 சட்டத்தில் 22-அ என்ற பிரிவு சேர்ந்தது. ஊழியர்கள் எல்லோருக்கும் இருக்கை வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்பு கிடைக்கும்போது உட்கார விட வேண்டும். அவ்வளவுதான் அந்தப் பிரிவு. இந்தியாவின் தொழிற்சாலைகள் சட்டத்தில் நின்று வேலை செய்பவருக்கு உட்காரும் வசதி 1948-லேயே வந்துவிட்டது. இங்கிலாந்து கடை உதவியாளர்களுக்கு 1899-ல் சட்டம் போட்டது.

இந்தப் பிரிவில் ‘பத்து’ இல்லை. இருநூறு பேர் கடைக்கும் மூன்று பேர் கடைக்கும் ஒன்றுதான். முதலாளிக்குச் செலவு ஒரு ஸ்டூல். உட்கார்ந்திருந்தால் கஸ்டமர் மதிக்க மாட்டார் என்கிற பழைய நம்பிக்கைதான் அதைவிடப் பெரிய செலவு.

இருக்கை இல்லையென்றால் தொழிலாளர் துறை ஆய்வாளரிடம் புகார் கொடுக்கலாம். கொடுப்பவர் பெரும்பாலும் முதலாளி தந்த விடுதியில் தங்கியிருப்பவர், ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டியவர். அடுத்த முறை தி.நகரில் புடவை விரித்துக் காட்டும்போது கவுன்ட்டருக்குப் பின்னால் எட்டிப் பாருங்கள். ஸ்டூல் இருக்கிறதா என்று மட்டுமல்ல, அதன்மேல் ஆள் உட்கார்ந்திருக்கிறாரா, துணிக்கட்டு உட்கார்ந்திருக்கிறதா என்றும்.