கண் கரிக்கும் கப்போர்டு

கிரகப்பிரவேசம் முடிந்து வீட்டைப் பூட்டிவிட்டுப் போய், பத்து நாள் கழித்துச் சாமான்களோடு வந்து கதவைத் திறந்தால் ஒரு வாடை முகத்தில் அடிக்கும். புது வீட்டு வாசனை என்று அதைச் சந்தோஷமாகச் சொல்பவர்களும் உண்டு. பெயின்ட் என்பார் ஒருவர், ஆசாரி தடவிய வெள்ளைப் பசை என்பார் இன்னொருவர். பெயின்ட்டுக்கும் அதில் பங்கு உண்டுதான். ஆனால், புதுக் கப்போர்டுக்குள் தலையை விட்டுத் துணி அடுக்கும்போது கண் கரித்துத் தொண்டை கமறினால், முதலில் சந்தேகப்பட வேண்டியது பிளைவுட்டை. அதிலும் ஆசாரி தடவிய பசையை அல்ல, பிளைவுட் தொழிற்சாலையில் தடவிய பசையை.

பிளைவுட் என்பது ஒரே பலகை இல்லை. மரத்தை மெல்லிய தகடுகளாகச் சீவி, குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, நடுநடுவே பசை தடவிச் சூட்டில் அழுத்தி எடுப்பது. மலிவான ரகங்களில் இந்தப் பசை யூரியா-ஃபார்மால்டிஹைடு. யூரியா, வயலுக்குப் போடும் அதே யூரியாதான். ஃபார்மால்டிஹைடு ஒரு வாயு. தண்ணீரில் கரைத்தால் அதன் பெயர் ஃபார்மலின். விலங்கியல் ஆய்வகத்துக் கண்ணாடி ஜாடியில் பாம்பு மிதக்குமே, அந்தத் திரவம். 2018இல் ஃபார்மலின் கலந்த மீன் கேரளத்தில் பிடிபட்டபோது தமிழ்நாட்டிலும் மீன் வாங்கப் பயந்தவர்கள் இருந்தார்கள். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இலேயே ஃபார்மால்டிஹைடைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பட்டியலில் சேர்த்துவிட்டது.

யூரியாவையும் ஃபார்மால்டிஹைடையும் சேர்த்துக் காய்ச்சினால் நல்ல ஒட்டுப்பசை கிடைக்கும், விலையும் குறைவு. அதற்குப் பெரிய எதிரி ஈரம். ஈரமும் சூடும் சேர்ந்தால் அந்தப் பிணைப்பு மெல்ல அவிழ்ந்து, ஃபார்மால்டிஹைடு மறுபடி வாயுவாக வெளியேறும். சிங்க்குக்கு அடியில் தண்ணீர் பட்டு உப்பிப் பிரிந்த பிளைவுட்டைப் பார்க்காதவர்கள் குறைவு. தண்ணீரே படாத கப்போர்டிலும் காற்றில் உள்ள ஈரம் அதே வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்துகொண்டிருக்கும்.

இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை அமெரிக்கா பெரிய அளவில் பார்த்தது. 2005 ஆகஸ்டில் கத்ரீனா புயல் மெக்சிகோ வளைகுடாக் கரையைச் சூறையாடிய பிறகு, வீடிழந்தவர்களுக்காக மத்திய அரசின் பேரிடர் மேலாண்மை முகமை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிரெய்லர் வீடுகளை வாங்கியது. அவசர அவசரமாகச் செய்த சின்னப் பெட்டிகள். சுவர், அலமாரி, கட்டில் எல்லாம் பசை போட்ட பலகை. அந்தக் கரையில் இருக்கும் லூசியானா மாநிலத்தின் வெயிலும் புழுக்கமும் சென்னைக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. குடியேறியவர்கள் கண் எரிச்சல், தலைவலி, மூக்கில் ரத்தம், மூச்சுத் திணறல் என்று புகார் சொன்னார்கள். சியரா கிளப் என்ற சூழல் அமைப்பு 2006இல் சில டிரெய்லர்களைச் சோதித்து எச்சரித்தது. விவகாரம் நாடாளுமன்ற விசாரணை வரை போனது.

அதன் பிறகுதான் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 519 டிரெய்லர் வீடுகளின் காற்றை அளந்தது. நூறு கோடிப் பங்கு காற்றில் சராசரியாக 77 பங்கு ஃபார்மால்டிஹைடு. மிக அதிகமாக இருந்த இடத்தில் 590. அரைமணி நேரச் சராசரிக்கே உலக சுகாதார அமைப்பு வைத்திருக்கும் எல்லை, இதே கணக்கில் சுமார் 80. இந்த மக்களோ மாதக்கணக்கில் அதற்குள் தூங்கி எழுந்தவர்கள். கவனிக்க வேண்டியது, அளந்தது 2007 டிசம்பரிலிருந்து 2008 ஜனவரி வரை, குளிர்காலத்தில். கோடை வருவதற்குள் மக்களை வேறு இடத்துக்கு மாற்றச் சொன்னது மையம். பலகையிலிருந்து வெளியேறும் ஃபார்மால்டிஹைடுக்கு வரம்பு விதிக்கும் சட்டம் 2010இல் அங்கே வந்தது.

நம் ஊர்ப் பலகைக் கடையில் இந்தப் பேச்சே எழாது. அங்கே கேள்வி தண்ணீரைப் பற்றித்தான். "எம்.ஆர். போதுமா, 710 வேணுமா?" எம்.ஆர். என்பது ஈரப்பதத்தைத் தாங்கும் ரகம், பசை பெரும்பாலும் யூரியா சேர்ந்தது. 710 என்பது இந்தியத் தர நிர்ணய எண். கடல் தண்ணீருக்கும் அசையாத ரகம். அதில் யூரியாவுக்குப் பதில் ஃபீனால். அந்தப் பிணைப்பு எளிதில் அவிழாது. தண்ணீரில் பிரியாதது காற்றிலும் பிரியாது. ஆகவே சமையலறைக்கு 710 வாங்குபவர் தெரியாமலேயே நல்ல காற்றையும் சேர்த்து வாங்குகிறார். தண்ணீர் படாத இடம்தானே என்று படுக்கையறைக்கு மலிவு ரகத்தை இறக்குவதும் அவரேதான். எட்டு மணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டு படுப்பது அந்த அறையில்!

எட்டுக்கு நாலு ஷீட் ஒன்றின் இரண்டு முகமும் சேர்ந்து 64 சதுர அடி. பத்து ஷீட் போனால் 640; சின்ன ஃப்ளாட் ஒன்றின் தரைப்பரப்பு. மேலே மைக்கா ஒட்டினால் வாயு வெளியேறுவது வெகுவாகக் குறையும். ஆனால் மைக்கா வருவது கண்ணில் படும் பக்கத்துக்குத்தான். அறுத்த ஓரம், டிராயரின் அடிப்பலகை, சுவரைப் பார்த்த முதுகு எல்லாம் பச்சைப் பலகையாகவே நிற்கும். "அது செவுத்துப் பக்கம் சார், யாரு பாக்கப் போறாங்க" என்பார் ஆசாரி.

இந்த வாயுவை வெளியேற்ற ஸ்பிளிட் ஏசி உதவாது. அது அறைக்குள் இருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர வைக்கிறது. வாடை போகட்டும் என்று எலுமிச்சை மணம் அடித்தால் வேடிக்கை இன்னும் கூடும். அந்த மணத்தைத் தரும் லிமோனீன், ஜன்னல் வழியே வரும் ஓசோனோடு வினைபுரிந்து தன் பங்குக்குக் கொஞ்சம் ஃபார்மால்டிஹைடைத் தரும். ஊதுபத்திப் புகையிலும் அது உண்டு. குடிவருவதற்கு முன் சில வாரம் கப்போர்டு கதவுகளையும் டிராயர்களையும் திறந்துபோட்டு, ஜன்னலைத் திறந்து ஃபேனை ஓடவிடுவது ஓரளவு பலன் தரும். இப்போது சில பிளைவுட்டில் இ-1, இ-0 என்ற குறியும் இருக்கிறது; வெளியேறும் ஃபார்மால்டிஹைடு குறைவு என்று அதற்கு அர்த்தம்.

கத்ரீனா டிரெய்லர்களைக் குடியிருக்க உகந்தவை அல்ல என்று ஸ்டிக்கர் ஒட்டி அமெரிக்க அரசு ஏலத்தில் விற்றது. 2010இல் அதே வளைகுடாவில் எண்ணெய்க் கசிவைச் சுத்தம் செய்ய வந்த தொழிலாளர்கள் சிலர் அவற்றில் தங்கியிருந்தது தெரியவந்தது. ஸ்டிக்கரைக் காணோம்.