வைத்தியத்தைப் பாதியில் விடலாமா?
தேயிலை நாட்டு டாக்டர் ஒருவர் காட்டிய வழி



சில வருடங்களுக்கு முன் எமது டிவிஷனில் கவ்வாத்து வெட்டிய ஒரு பெரியவருக்கு வாயில் புண் வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்து புற்றுநோய் என்றார்கள். கரண்ட் வைத்தியம் என்று நம் ஆட்கள் சொல்லும் கதிர் சிகிச்சைக்கு, கிழமைக்கு ஐந்து நாள் வீதம் ஆறு ஏழு கிழமை வரச் சொன்னார்கள். அவர் இரண்டு கிழமை போனார். புண் கொஞ்சம் வாடியதும் நின்றுவிட்டார். கேட்டேன். “ஆறிக்கிட்டு வருதுங்க ஐயா. இன்னும் போனா பேரும் போகும், பஸ்ஸுக்கும் காசில்ல” என்றார். அடுத்த வருடம் அவரைத் தூக்கிக்கொண்டு போய் அடக்கம் செய்தோம்.

அவர் அறியாமையால் அப்படிச் செய்தார் என்று நான் சொல்லமாட்டேன். வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே என்றுதான் நின்றார். இதே கஷ்டத்தைக் கண்டு அதற்கு வழி தேடிய ஒரு டாக்டரைப் பற்றி இம்முறை எழுதுகிறேன்.

சென்னையிலிருந்து சில்சாருக்கு

இந்தியாவின் அசாம் மாநிலத்தில், பராக் பள்ளத்தாக்கில் இருக்கும் ஊர் சில்சார். சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். நம் முன்னோரைத் தமிழ்நாட்டிலிருந்து இங்கு கொண்டுவந்தது போலவே, அங்கும் வெள்ளைக்காரர் காலத்தில் வேறு மாநிலங்களிலிருந்து ஆட்களைக் கூட்டிவந்து தோட்டம் போட்டார்கள். அங்கேயும் லயம், கொழுந்து, நாட்கூலிதான். வெற்றிலை, பாக்கு, புகையிலையும் அதிகம்.

அந்த ஊரில் மக்கள் சங்கமொன்று 1996இல் தொடங்கிய சிறிய ஆஸ்பத்திரிதான் கச்சார் புற்றுநோய் ஆஸ்பத்திரி. சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்தில் சத்திர சிகிச்சைப் பிரிவுக்குத் தலைவராக இருந்த டாக்டர் ரவி கண்ணன், நல்ல பதவியை விட்டு 2007இல் மனைவி, மகளோடு அங்கே குடிபோனார். அப்போது அங்கு வேலை செய்தவர்கள் 23 பேர் மட்டுமே.

ஏன் திரும்பி வரவில்லை?

போன பிறகு அவர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். நோயாளிகள் வருகிறார்கள், நோய் என்னவென்று தெரிந்துகொள்கிறார்கள், பிறகு காணாமல் போகிறார்கள். நூறு பேரில் 28 பேர்தான் சொன்னபடி வைத்தியத்தைத் தொடர்ந்தார்கள். மருந்து இருந்தும் டாக்டர் இருந்தும் இப்படி. காரணம் நமக்குத் தெரிந்ததுதான். நோயாளியோடு துணைக்கு வருபவருக்கும் கூலி போகிறது. இரண்டு கூலி நின்றால் பிள்ளைகள் பட்டினி.

ஆகவே ஆஸ்பத்திரி தன் பழக்கத்தை மாற்றியது. இல்லாதவர்களுக்கு வைத்தியத்தை இலவசமாகவோ குறைந்த செலவிலோ கொடுத்தார்கள். தங்க இடமும் சாப்பாடும் கொடுத்தார்கள். துணைக்கு வந்தவருக்கு ஆஸ்பத்திரியிலேயே தற்காலிக வேலை கொடுத்துக் கூலியும் கொடுத்தார்கள். தூரத்தில் இருப்பவர்களுக்காக வேறு ஊர்களில் கிளினிக் வைத்தார்கள். படுக்கையில் கிடப்பவர் வீட்டுக்கு ஆட்களை அனுப்பி, வலிக்கு மருந்து கொடுத்து, எப்படிப் பராமரிப்பது என்று வீட்டாருக்கும் பழக்கினார்கள்.

இதனால் 28 பேர் என்று இருந்தது 70 பேர் ஆனது. 2023 அளவில் வருடத்துக்குச் சராசரி 5,000 புதிய நோயாளிகள் வந்தார்கள். இதற்காக டாக்டர் ரவி கண்ணனுக்கு 2020ஆம் ஆண்டுக்கான இந்திய அரசின் பத்மஸ்ரீ விருதும், 2023இல் ஆசியாவின் பெரிய விருதாகிய ரமோன் மக்சேசே விருதும் கிடைத்தன.

பாதியில் நின்றால் என்ன?

புண் வாடிவிட்டால் நோய் போய்விட்டது என்று அர்த்தமில்லை. களை பிடுங்கும்போது மேலே உள்ளதை மட்டும் அறுத்துவிட்டு வேரை விட்டால் என்ன நடக்கும்? மழை பெய்ததும் திரும்பவும் முளைக்கும். புற்றுநோயும் அப்படித்தான். மிச்சம் இருப்பது மறுபடி வளரும்போது, முதலில் கேட்ட மருந்துக்குக் கேட்காமலும் போகலாம்.

அதைவிட நல்லது நேரத்தோடு கண்டுபிடிப்பது. வாயில் இரண்டு கிழமைக்கு மேல் ஆறாத புண், வெள்ளையாகவோ சிவப்பாகவோ மாறாமல் இருக்கும் படை, வாயை முழுக்கத் திறக்க முடியாமை, கழுத்தில் கட்டி, இவற்றில் எது கண்டாலும் உடனே டிஸ்பென்சரிக்கு வந்து காட்டுங்கள். “நான் புகையிலை போடுறதில்ல, வெறும் வெத்தில பாக்குதான்” என்று பலர் சொல்கிறார்கள். பாக்கு மட்டுமே கூடப் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் அறிவித்திருக்கிறது. ஆகவே புகையிலையோடு பாக்கையும் விட வேண்டும்.

நாம் என்ன செய்யலாம்?

நம் நாட்டில் அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியத்துக்குக் காசில்லை. ஆனால் போகவர, துணைக்கு இருக்க, இழந்த பேருக்கு, எல்லாவற்றுக்கும் காசுதான். சில்சார் ஆஸ்பத்திரி செய்த அளவுக்கு நம்மால் முடியாது. ஆனால் ஒரு லயத்தால் முடிந்தது நிறைய உண்டு.

ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அடுத்த வீட்டார் ஒரு நேரம் சோறு கொடுக்கலாம். துணைக்குப் போகிறவர்கள் முறை வைத்துக்கொண்டால் ஒருவருடைய பேர் மட்டும் போகாது. கிளினிக் தேதியை வீட்டில் எழுதி வையுங்கள், என்னிடமும் சொல்லுங்கள். போக முடியாத கஷ்டம் வந்தால் நிறுத்துவதற்கு முன் வந்து சொல்லுங்கள், நிறுத்திய பிறகு அல்ல.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அனேக தோட்டங்களில் மரண உதவிச் சங்கம் இருக்கிறது. ஒருவர் இறந்தால் மறுநாளே காசு சேர்ந்துவிடுகிறது. அது நல்ல பழக்கம்தான். ஆனால் அந்தப் பெரியவரின் சவப்பெட்டிக்கு நாம் சேர்த்த காசில், மிச்சமிருந்த நாலைந்து கிழமைக்கும் அவரை பஸ் ஏற்றி அனுப்பியிருக்கலாம். அடுத்த சங்கக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். கூப்பிட்டால் நானும் வருகிறேன்.