வட்டை அதே வட்டைதான், நெல் எங்கே போனது?

2021 பெரும்போகத்தில் சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று வட்டைகள் (நெல்வயல் பரப்புகள்) ஓர் அங்குலமும் சுருங்கவில்லை. ஆனால் யூரியா இல்லை. மே மாதம் இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்த அரசு, நவம்பரில் அதை விலக்கியபோது விதைப்பு தொடங்கிவிட்டிருந்தது. தழைச்சத்து கிடைக்காத வேளாண்மை மஞ்சளிக்கும், மட்டம் பெருகாது, கதிர் சிறுக்கும். 2021இல் சுமார் 51 இலட்சம் தொன்னாக இருந்த நாட்டின் நெல் விளைச்சல், 2022இல் சுமார் 34 இலட்சம் தொன்னாக இறங்கியது.

உலகத்தார் எல்லாருக்கும் சோறு போட நிலம் போதுமா என்ற கேள்விக்கு நமது வட்டையிலிருந்தே பதில் தேடலாம்.

முதலில் கணக்கு. உலகில் பயிர் செய்யும் நிலம் ஏறக்குறைய 155 கோடி ஹெக்டேயர். அதை 800 கோடிப் பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு அரை ஏக்கர் வரும். ஆண்டுதோறும் விளையும் தானியம் சுமார் 280 கோடி தொன். ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. வயிறு நிறைய அது தாராளம். ஆயினும் 2023இல் 73 கோடிப் பேர் பசியோடு இருந்ததாக ஐ.நா. கணித்தது. தானியத்தில் மூன்றிலொரு பங்குக்கு மேல் கால்நடைத் தீவனமாகிறது. வீடு, கடை, உணவகங்களில் மட்டும் 2022இல் 105 கோடி தொன் உணவு வீணானது. மிச்சத்தை விலை தடுக்கிறது. கொழும்பில் 2022 செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதமானபோது, கடையில் அரிசி இருந்தும் வாங்க முடியாத வீடுகளை நாம் கண்டோம்.

அடுத்தது தண்ணீர். இங்கினியாகலையில் அணை கட்டி உருவான சேனாநாயக்க சமுத்திரத்தின் இடதுகரைத் திட்டம் 1970களின் இறுதியில் சீர்குலைந்து கிடந்தது. வாய்க்காலின் கடைசி வயல்களுக்குச் சிறுபோகத்தில் தண்ணீர் எட்டவில்லை. 1980களில் கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் இளைஞர்களைக் கிராமங்களில் தங்கவைத்தன. அவர்களின் முயற்சியால் ஒவ்வொரு வயல் வாய்க்காலுக்கும் விவசாயிகள் குழு உருவானது. முறைவைத்துப் பாய்ச்சி, மிச்சம் பிடித்த தண்ணீரைக் கீழே விட்டார்கள்.

1997 சிறுபோகத்தில் அந்த ஏற்பாட்டுக்குச் சோதனை வந்தது. குளத்தில் இருந்த நீர் 15,000 ஏக்கருக்கே போதும் என்றார்கள் பொறியியலாளர்கள். இடதுகரையில் இருந்ததோ 65,000 ஏக்கர். எல்லாரும் விதைப்போம், பகிர்ந்து பாய்ச்சுவோம் என்று விவசாயிகள் நின்றார்கள். அவ்வளவு நிலமும் நல்ல விளைச்சல் தந்தது. வாய்க்காலின் மேலே சிங்கள விவசாயிகள், கீழே தமிழ் விவசாயிகள்; அதுவோ யுத்த காலம். கோர்னெல் பேராசிரியர் நோர்மன் அப்ஹொஃப் பதிவுசெய்த இந்தக் கதையை நமது பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் படிக்க வேண்டும் என்பது என் ஆசை.

ஆனால் நிலத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். கல்முனையில் ஒருபக்கம் கடல், மறுபக்கம் வயல். 2004 சுனாமிக்குப் பின் கரையோரத்தில் குடியிருக்க அஞ்சிய குடும்பங்களுக்கு மேற்கே வயலைத் தவிர வேறு இடமில்லை. வீடு கட்ட நெற்காணியை நிரப்ப 2000ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டப்படி அனுமதி வேண்டும். உரத்தடை ஏழு மாதத்தில் நீங்கியது; ஆனால் கிறவல் கொட்டி நிரப்பிய வயலில் மறுபடி நெல் விதைத்தவர் எவரையும் நான் பார்த்ததில்லை. வடிகாலும் அதோடு அடைபடுவதால், மாரி மழைக்குப் பக்கத்து வயல்காரனின் வேளாண்மையும் தண்ணீரில் மூழ்கிக் கிடக்கிறது.