சண்டை எங்கேயோ... பஞ்சாயத்து மட்டும் ஏன் கத்தாரில்?

அமெரிக்கா - தாலிபான் பேச்சுவார்த்தையா? தோஹா. இஸ்ரேல் - ஹமாஸ் போர்நிறுத்தப் பேச்சா? அதுவும் தோஹா. ஒரு காலத்தில் இந்த இடத்தில் அடிக்கடி கேட்ட பெயர் நார்வே. 1993 ஓஸ்லோ உடன்பாடு, 2002-ல் இலங்கை அரசு - விடுதலைப் புலிகள் போர்நிறுத்தம் இரண்டுக்கும் பின்னால் இருந்தது அந்த நாடுதான். கத்தார் எப்படி உள்ளே வந்தது?

இரண்டு பக்கமும் பழக்கம்

மத்திய கிழக்கில் அமெரிக்காவின் மிகப் பெரிய ராணுவத் தளம் கத்தாரின் அல் உதெய்தில் இருக்கிறது. அதே கத்தாரில் 2012-ல் ஹமாஸின் அரசியல் அலுவலகம் வந்தது. 2013-ல் தாலிபான் அலுவலகமும் திறக்கப்பட்டது. ஹமாஸுக்கு இடம் கொடுத்ததே அமெரிக்கா கேட்டுக்கொண்டதால்தான் என்கிறது கத்தார். நேரடியாகப் பேச முடியாதவர்களோடு பேச ஒரு வழி வேண்டுமே!

கத்தாருக்கு இதுல என்ன லாபம்?

பாதுகாப்பு. ஒரு பக்கம் சவுதி, கடலுக்கு அந்தப் பக்கம் ஈரான். நடுவில் எரிவாயு வளம் கொட்டிக் கிடக்கும் சின்ன நாடு. எல்லோருக்கும் வேண்டப்பட்டவராக இருந்தால் யாரும் கை வைக்க மாட்டார்கள் என்பது கணக்கு. அது எப்போதும் பலிப்பதில்லை. 2025 செப்டம்பர் 9-ல் ஹமாஸ் தலைவர்களைக் குறிவைத்து தோஹாவிலேயே இஸ்ரேல் தாக்குதல் நடத்தியது. பஞ்சாயத்து பண்ண வந்தவர் வீட்டிலேயே குண்டு!

கையெழுத்து போட்டா அமைதி வந்துடுமா?

இங்கேதான் சிக்கல். 2020 பிப்ரவரி 29-ல் தோஹாவில் அமெரிக்காவும் தாலிபானும் ஒப்பந்தம் போட்டன. அமெரிக்கப் படைகள் 14 மாதங்களில் வெளியேற வேண்டும் என்று அதில் கெடு இருந்தது. ஆனால், அதில் ஆப்கன் அரசு கையெழுத்திடவில்லை. நாட்டை யார், எப்படி ஆள்வது என்ற பேச்சு பின்னால் தள்ளப்பட்டது. அது முடிவதற்குள், 2021 ஆகஸ்ட் 15-ல் காபூல் தாலிபான் கைக்குப் போனது. இன்று அங்கே 6-ம் வகுப்புக்கு மேல் மாணவிகள் பள்ளிக்கூடம் போக முடியாது.

காசாவிலும் 2025 ஜனவரி 19-ல் தொடங்கிய போர்நிறுத்தம் 3 கட்டங்களாகத் திட்டமிடப்பட்டது. முதல் கட்டத்தில் பணயக்கைதிகளும் சிறைக்கைதிகளும் வீடு திரும்பினார்கள். இரண்டாம் கட்டத்துக்குப் போகாமலேயே, மார்ச் 18-ல் மீண்டும் குண்டு விழுந்தது.

அப்போ என்னதான் தேவை?

துப்பாக்கி வைத்திருப்பவர்களைப் பேச வைப்பதில் கத்தார் கெட்டி. அதனால் தப்பிய உயிர்கள் நிறைய. ஆனால், இடிந்த வீட்டை யார் கட்டுவது, பள்ளி திறக்குமா, மீறினால் யார் தட்டிக் கேட்பது என்பதெல்லாம் துப்பாக்கி இல்லாதவர்களின் கேள்விகள். அவர்களுக்கு அந்த அறையில் நாற்காலி கிடைப்பது அபூர்வம்.

அடுத்த முறை 'தோஹாவில் உடன்பாடு' என்று நோட்டிஃபிகேஷன் வந்தால், கையெழுத்து போட்டது யார் என்பதோடு நிறுத்த வேண்டாம். யாரைக் கூப்பிடவே இல்லை என்றும் பாருங்கள்.