அம்பலவாணர் ஊரை விட்டிருந்த காலம்

கரை சேர்ந்தவர்கள் – 9

சென்ற வாரம் மண்டபத்துக் கரையில் விட்ட கதையை இந்த வாரம் வடக்கே கடலூர்ச் சீமைக்குக் கொண்டுவருகிறேன். குறிஞ்சிப்பாடி வட்டத்தில் அம்பலவாணன்பேட்டை என்று ஓர் ஊர். ஈழத்திலிருந்து வந்த குடும்பங்கள் வசிக்கும் முகாம் ஒன்று அங்கே இருக்கிறது, இன்னொன்று குறிஞ்சிப்பாடியில். ஊர்ப்பலகையில் அந்தப் பெயரை முதன்முதலாக வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஏனென்றால் அந்த அம்பலவாணரே ஒரு காலத்தில் தில்லையை விட்டு வெளியேறி, அந்நிய ஊர்களில் ஒண்டியிருந்தவர் என்பது சிதம்பரத்துக்காரர்களில் பலருக்கே இன்று ஞாபகத்தில் இல்லை.

பீஜப்பூர்ப் படைகள் செஞ்சியை வளைத்துக்கொண்டு, நாடெங்கும் கலவரம் மிகுந்திருந்த 1648ஆம் வருஷத்து டிசம்பர் மாதத்தில், தீக்ஷிதர்கள் நடராஜ மூர்த்தியைப் பெயர்த்தெடுத்து, முதலில் குடுமியான்மலையிலும் பிறகு மதுரையிலும் கொண்டுபோய் வைத்துக் காத்தார்கள். 1686 நவம்பரில் மூர்த்தி திரும்பி வருகிறவரைக்கும், 37 வருஷம் 10 மாதம் 20 நாள், பொன்னம்பலம் சூனியமாகக் கிடந்தது. இது செப்பேடு சொல்லும் சரித்திரம். கர்ணபரம்பரைக் கதையோ வேறு மாதிரி போகிறது. மலையாள தேசத்தில் ஒரு புளியமரப் பொந்தில் மூர்த்தியை ஒளித்துவிட்டுத் தீக்ஷிதர்கள் திரும்பிவிட, தோட்டத்துக் குடியானவன் அதைக் கண்டு விளக்கேற்றிக் கும்பிட்டு வந்தானாம். வெகுகாலம் கழித்துத் தேடிப் போனவர்கள், ‘மாட்டை அம்பலப்புளியில் கட்டு’ என்று அவன் தன் ஆளிடம் சொன்னதைக் காதில் வாங்கி இடத்தைக் கண்டுகொண்டார்களாம். சரித்திர ஆசிரியர்கள் இதை ஒப்பமாட்டார்கள். எனக்கோ செப்பேட்டைக் காட்டிலும் அந்தக் குடியானவனிடத்தில்தான் பிரியம் அதிகம். வந்தவர் யார், எந்த ஊர், எத்தனை நாள் இருப்பார் என்ற விசாரணையெல்லாம் வைத்துக்கொள்ளாமல் அவன் பாட்டுக்கு விளக்கு வைத்தான் அல்லவா?

சுவாமி ஊரில் இல்லாத அந்த நூற்றாண்டிலேயே, ஊருக்கு அடைக்கலமாக ஒருவர் வந்து சேர்ந்தார். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் பிறந்த ஞானப்பிரகாசர் அவர். பறங்கி அதிகாரியின் போஜனத்துக்கு வீட்டுக்கு ஒரு பசுவாக முறைவைத்துக் கொடுக்க வேண்டும் என்று கட்டளை இருந்ததாகவும், தம் வீட்டு முறை வந்தபோது பசுவைக் கொடுக்க மனம் ஒப்பாமல் அவர் இரவோடு இரவாகக் கடல் கடந்ததாகவும் யாழ்ப்பாணத்தார் சொல்வார்கள். வடதேசம் போய் வடமொழி கற்றுத் திரும்பி, சிவஞானசித்தியாருக்கு உரை செய்த அந்த வித்துவான், சிதம்பரத்தில் ஒரு குளமும் வெட்டினார். ஞானப்பிரகாசர் தெப்பக்குளம் என்று ஊரார் இன்றும் அதைத்தான் சொல்லுகிறார்கள். ஏதும் இல்லாமல் வந்து இறங்கிய மனிதர் ஓர் ஊருக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டுப் போனார். பின்னாளில், 1864இல், அதே யாழ்ப்பாணத்திலிருந்து ஆறுமுக நாவலர் வந்து இங்கே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தது அகதியாக வந்து செய்த காரியம் அல்ல என்றாலும், ஞானப்பிரகாசர் நடந்த தடத்தில் நடந்ததுதான்.

அடைக்கலம் புகுந்தவர் எல்லாரும் ஞானப்பிரகாசர் ஆகிவிடுவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னைக் கோட்டையைப் பிடித்துக்கொண்டபோது, இந்நாட்டவரைப் போல வேஷம் தரித்துக்கொண்டு கடலூர்த் தேவனாம்பட்டினத்துக் கோட்டைக்குத் தப்பி ஓடிவந்தவர்களில் ஒருவன் ராபர்ட் கிளைவ். அவன் பிற்பாடு செய்த கைம்மாறு உலகம் அறிந்தது.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் தமிழகத்துக்கு வந்தவர்கள் 3 லட்சத்துக்கும் மேல். அவர்களில் 58,822 பேர் 108 முகாம்களில் இருப்பதாக 2021இல் சட்டமன்றத்தில் அறிவித்த அரசு, அவ்வாண்டே ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றி, புது வீடுகளுக்கும் ஏற்பாடு செய்தது. பெயர் மாற்றத்தைச் சிலர் கேலி செய்தார்கள்; நான் செய்யமாட்டேன். பள்ளிக்கூடத்தில் ‘அகதிப் பிள்ளை’ என்று அழைக்கப்பட்ட குழந்தைக்குத்தான் அந்த ஒரு சொல்லின் பாரம் தெரியும். ஆனால் பெயர் மாறியதே தவிரப் பிரஜா உரிமை வரவில்லை. 2019இல் திருத்திய குடியுரிமைச் சட்டம் மூன்று அண்டை நாடுகளைப் பேர் சொல்லி அழைத்தது, இலங்கையை அழைக்கவில்லை.

அம்பலவாணன்பேட்டையில் நான் உட்கார்ந்திருந்த வீட்டில், சொதி கொதிக்கும் தேங்காய்ப்பால் வாசனை வாசல்வரை வந்தது. மகன் பெயிண்ட் அடிக்கும் வேலைக்குப் போயிருந்தார். “கதிரையை எடுத்துப் போடு பிள்ளை” என்று பாட்டி சொல்ல, பேத்தி நாற்காலியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, சுத்தமான கடலூர்த் தமிழில், “உக்காருங்க சார், ஆயா அப்படித்தான் பேசும்” என்றாள். தேத்தண்ணி வந்தது. பாட்டி வவுனியாப் பக்கம், 1990இல் படகேறியவர். நடராஜர் ஊரைவிட்டிருந்த கதையை நான் சொல்லி முடித்ததும், விரல் கணுக்களை மடக்கி எண்ணிப் பார்த்தார்.

“நாங்கள் இன்னும் அவரை எட்டேல்லை. எண்பத்து மூண்டில வந்தவையள் அவரையும் தாண்டிட்டினம்.”

கொஞ்ச நேரம் கழித்து, உங்கள் ஊரில் என்ன கோயில் என்று கேட்டேன்.

“பிள்ளையார் கோயில், தம்பி. அவர் அங்கதான் நிக்கிறார். அவரைத் தூக்க எங்களிட்டக் கை இருக்கேல்லை. பிள்ளையளைத் தூக்கிக்கொண்டெல்லோ வந்தனாங்கள்.”

(தொடரும்)